நிராகரிக்கப்பட வேண்டிய இராஜினாமா

நான் பொதுச் செயலாளராகவே சாக விரும்பினேன். இது பதவி ஆசை அல்ல என்று பல கூட்டங்களில் விளக்கியிருக்கிறேன். யாரும் கேட்காதபோதும் விளக்கியிருக்கிறேன். எங்கள் முன்னைய செயலாளர் தோழர் தங்கையா பதவியில் இருந்தபடியே காலமானார். பத்திரிகைகள் படத்துடன் செய்தி போட்டன. பொரளை மயானத்தில் பெட்டிக்கு மேல் செங்கொடி போர்த்தினோம். நாட்டில் உள்ள இடதுசாரிக் கட்சிகள், ஒன்றோடொன்று முகம் பார்க்காதவை உட்பட, ஆளுக்கொரு பேச்சாளரை அனுப்பின. அதே மாதம் எங்கள் மாடிக் குடியிருப்பில் ஓய்வுபெற்ற அரசாங்கப் பிரதிப் பணிப்பாளர் ஒருவரும் காலமானார். அவரைப் பற்றி வந்தது வெறும் மரண அறிவித்தல். அதற்கு வீட்டார் காசு கட்ட வேண்டியிருந்தது.

நானும் ஓய்வுபெற்ற பிரதிப் பணிப்பாளர்தான். செயலாளர் என்பது கழன்றால் எனக்கு மிஞ்சுவது என்ன என்று அன்றே விளங்கிவிட்டது.

எங்கள் கட்சியின் பெயர் வடகிழக்குச் சமதர்மத் தொழிலாளர் விவசாயிகள் கட்சி. தலைமையகம் கொழும்பு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. வடகிழக்குக் கட்சிக்கு வெள்ளவத்தையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் போர் காரணமாக வந்தோம். பிறகு பிள்ளைகளின் ரியூஷன் காரணமாக நின்றோம். இப்போது டொக்டர் காரணமாக நிற்கிறோம். போர் முடிந்த வருடமே தலைமையகத்தை யாழ்ப்பாணத்துக்கு மாற்றுவதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். அந்தத் தீர்மானம் இன்னும் அமுலில் இருக்கிறது.

பெயரில் உள்ள விவசாயிகளைத் தலைவர் நாகேந்திரம் பிரதிநிதித்துவப்படுத்தினார். அவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். ஆனால் அவருக்கு யாழ்ப்பாணத்துச் சரசாலையில் தென்னங்காணி ஒன்று இருந்தது. தொழிலாளர்தான் கிடைக்கவில்லை. எங்கள் உறுப்பினர்கள் எல்லாரும் உழைத்து ஓய்ந்தவர்கள் என்பதால் தத்துவரீதியாக அவர்களும் தொழிலாளரே என்று ஒரு கட்டுரை எழுதினேன். அதை நாகேந்திரம் பாராட்டினார். வேறு யாரும் வாசித்ததாகத் தகவல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இராகுகாலத்தில் கூடுவோம். அது எங்கள் பகுத்தறிவு. அந்த நேரத்துக்கு மண்டபக்காரர் வாடகையைக் குறைப்பார் என்பது அதன் பொருளாதார அடித்தளம்.

இனி எங்கள் மரபு ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாநாடு. மாநாட்டின் கடைசியில் செயலாளர் எழும்பி, வயதாகிவிட்டது, உடம்பு ஒத்துழைக்கவில்லை, இளைஞர்கள் முன்வர வேண்டும் என்று சொல்லி இராஜினாமாவை மாநாட்டின் முன் வைப்பார். மண்டபம் அதிர்ச்சியில் உறையும். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, தலை குனிந்து, சற்று நேரம் அப்படியே இருப்பார். பிறகு தழுதழுத்த குரலில், “மாநாடு இதை நிராகரிக்கிறது” என்பார். கைதட்டல் எழும். செயலாளர், கட்சியின் கட்டளைக்குத் தலைவணங்குவதாகச் சொல்லித் தண்ணீர் குடிப்பார். தங்கையா காலத்திலிருந்து இப்படித்தான். யாழ்ப்பாணத்து வீடுகளில் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால், வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்று சொல்வதில்லையா? அதைக் கேட்டு யாராவது அடுப்பிலிருந்து கேத்திலை இறக்கிவைப்பார்களா? அதைப்போலத்தான் இதுவும்.

தொழிலாளர் வந்து சேர்ந்தது பொருளாதார நெருக்கடிக் காலத்தில். நாடே காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. வரலாற்றுத் தருணம் என்று நானும் நாகேந்திரமும் ஓட்டோ பிடித்துக் கொச்சிக்கடைக்குப் போனோம். உலக முதலாளித்துவ நெருக்கடியின் புதிய பண்புகள் என்ற துண்டுப்பிரசுரத்தை வரிசையில் விநியோகித்தோம். வெயிலுக்கு விசிறிக்கொள்ள உதவுகிறது என்று பலர் விரும்பி வாங்கினார்கள். ஒரு பெண் மட்டும் வாசித்தாள். முழுவதையும் வாசித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, இந்தக் கட்சிக்கு லெட்டர்ஹெட் இருக்கிறதா என்று கேட்டாள்.

எங்களிடம் மக்கள் இல்லையே தவிர, லெட்டர்ஹெட் ஏராளமாக இருந்தது. ஒரு தேர்தல் காலத்தில் அச்சடித்தது கட்டில்களுக்குக் கீழே கட்டுக்கட்டாகக் கிடந்தது. அதன் மேல்தான் நித்திரை கொள்கிறேன் என்று என் மனைவி சுபோதினி முறைப்பாடு செய்துகொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் பிறிஜெற். புறக்கோட்டையில் ஒரு கப்பல் சாமான் கிளியரிங் கந்தோரில் கிளார்க். கணவன் ஒஸ்வால்ட் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி கிடையாது. ஒரு குழாயையும் ஒரு கழிவுநீர்க் கானையும் பங்குபோடும் சின்னச்சின்ன வீடுகளின் கூட்டம் அது. கட்சியின் லெட்டர்ஹெட்டில், என் கையொப்பத்துடன், சிங்களத்தில் பிறிஜெற் எழுதிய கடிதம் ஒன்று காஸ் லொறியை அந்தத் தோட்டத்து வாசலுக்கே கொண்டுவந்தது. அடுத்த கடிதம் கான் துப்புரவாக்க ஆட்களைக் கொண்டுவந்தது. கட்சி தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் கேட்ட ஒன்று கிடைத்தது அதுதான் முதல்தடவை. ஏகாதிபத்தியத்திடமும் அதே லெட்டர்ஹெட்டில்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தோட்டம் மொத்தமாகக் கட்சியில் சேர்ந்தது. கொட்டாஞ்சேனைக் கிளை உதயமாயிற்று. சகோதரக் கட்சிகளின் தலைவர்களைச் சந்திக்கும்போது, “எங்கடை துறைமுகத் தொழிலாளர்” என்று பேச்சுவாக்கில் சொல்லத் தொடங்கினேன். பேச்சு வேறு பக்கம் போனாலும் அவர்களைப் பேச்சுவாக்கில் சொல்லாமல் விட்டதில்லை.

ஆனால் அவர்களிடம் ஒரு குணம் இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். முதல்முறை ஒஸ்வால்ட் வீட்டுக்குப் போனபோது, தேத்தண்ணி குடிக்கிறீங்களா அங்கிள் என்று பிறிஜெற் கேட்டாள். வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்றேன். சரி அங்கிள் என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். தொண்டை வறள வறள இரண்டு மணித்தியாலம் வர்க்கப் போராட்டம் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். இவர்களிடம் உபசாரம் போதாது என்று சுபோதினியிடம் குறைப்பட்டேனே தவிர, அதில் இருந்த ஆபத்தை நான் ஆராயவில்லை.

மாநாடு வந்தது. மண்டபத்தில் முதல்நாள் பருவமடைந்த யாரோ ஒரு பெண்பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு நடந்திருந்தது. மேடையில் இருந்த இரண்டு சிம்மாசனங்களை எடுத்துப்போக ஆள் வரவில்லை. பட்டு சிவப்பு நிறமாக இருந்ததால் நாங்கள் ஆட்சேபிக்கவில்லை. ஒன்றில் தலைவர் நாகேந்திரம் அமர்ந்தார். மற்றதில் நான் அமர்ந்தேன். மண்டபம் நிரம்பியிருந்தது. கட்சி விதிகளான யாப்பின்படி, கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைவெண் முழுமையாக இருக்கிறது என்று கட்சி வரலாற்றில் முதல்தடவையாகப் பெருமையோடு அறிவித்தேன். அந்தப் பெருமைதான் பின்னால் என் வாயை அடைத்தது.

கடைசியில் என் பேச்சு. வழக்கமாக உடல்நிலைக்கு ஒரு வசனம்தான் ஒதுக்குவேன். முன்வரிசைகளில் இருந்தவர்கள் அதைப் பலமுறை கேட்டவர்கள். அந்த இடத்தில் மணிக்கூடு பார்ப்பார்கள். இந்தமுறை புதிய முகங்கள். நான் பிரஷர் என்றதும் ஒரு பெண் நெஞ்சில் கைவைத்தாள். அது எனக்கு உற்சாகமாக இருந்தது. சீனி வருத்தத்தைச் சேர்த்தேன். முழங்காலைச் சேர்த்தேன். படி ஏறும்போது கண் இருளுகிறது என்றேன். இராத்திரிகளில் நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது, ஆனாலும் மக்கள் அழைக்கும்போது எழும்பாமல் இருக்க முடிகிறதா என்று கேட்டேன். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. என் வாழ்நாளில் பேசிய பேச்சுகளில் இதுவே சிறந்தது என்ற நினைப்போடு, “ஆகவே தோழர்களே, இந்தச் சுமையை என் தோளிலிருந்து இறக்கிவிடுங்கள்” என்று முடித்துச் சிம்மாசனத்தில் சரிந்தேன்.

மண்டபம் உறைந்தது. நாகேந்திரம் கண்ணாடியைக் கழற்றினார். தலை குனிந்தார். எல்லாம் மரபுப்படியே நடந்தது. அவர் குனிந்திருந்த அந்த இடைவெளியில்தான் பிறிஜெற் எழும்பினாள். அவள் கண் சிவந்திருந்தது.

“தலைவர் அங்கிள், எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. சிவம் அங்கிளுக்கு இவ்ளோ வருத்தம்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எங்க தோட்டத்துக்கு பஸ்ல வரவிட்டிருக்க மாட்டோம். நாங்க பாட்டுக்கு அந்தக் கடிதம் இந்தக் கடிதம்னு அவர அலைய வச்சிருக்கோம். இன்னைக்கு அவரே வாய்விட்டுக் கேக்கிறார், இறக்கி விடுங்கன்னு. இதுக்கு மேலயும் அவர்மேல ஏத்தி வச்சா அது பாவம்.”

இராஜினாமாவை நன்றியோடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவள் பிரேரித்தாள். ஒஸ்வால்ட் ஆமோதித்தான். ஆமோதிக்கும்போது அவனும் மூக்கைத் துடைத்தான்.

நாகேந்திரம் தலையை நிமிர்த்தினார். வங்கியில் முகாமையாளராக இருந்தவருக்கு, முறைப்படி வந்து சேர்ந்த ஒன்றைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லை. பிரேரணை, ஆமோதிப்பு இரண்டும் இருக்கின்றன. ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றார். கொட்டாஞ்சேனை முழுவதும் கை உயர்த்தியது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜனநாயக மத்தியத்துவத்தில் ஊறியவர்கள். பெரும்பான்மை எங்கே இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்களும் உயர்த்தினார்கள். பின்சுவரோரம் சிற்றுண்டி ரோல்ஸ் தட்டுடன் நின்ற ஒரு பெண் தட்டை இடக்கைக்கு மாற்றி வலக்கையை உயர்த்தினாள். அது சுபோதினி.

எதிர்ப்பவர்கள் என்று கேட்கப்பட்டது. என் இராஜினாமாவை நானே எதிர்த்து வாக்களிக்கலாமா? கட்சி யாப்பில் அதற்கு விடை இல்லை. அந்த யாப்பை எழுதியவன் நான். அப்படி ஒரு நிலை வரும் என்று நான் நினைக்கவில்லை. குறைவெண் போதாது என்று சொல்லவும் வழியில்லை.

புதிய செயலாளராகப் பிறிஜெற்றின் பெயரை முன்மொழிந்தவளும் அந்த ரோல்ஸ் தட்டுக்காரிதான்.

மறுநாள் பத்திரிகைகளில் செய்தி வந்தது, படத்துடன். பிறிஜெற் ஒலிவாங்கியின் முன் நின்றாள். பக்கத்தில் சிம்மாசனத்தின் கைப்பிடியில் ஒரு முழங்கை தெரிந்தது. அது என்னுடையது என்று சுபோதினியிடம் காட்டினேன். ஓம், சட்டை தெரியுது என்றாள்.

அந்த வாரமே ஒஸ்வால்டும் பிறிஜெற்றும் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு நெஸ்டமோல்ட் சத்துமா டின், திராட்சைப்பழம், தோட்டமே சேர்ந்து வாங்கிய பிரஷர் பார்க்கும் மெஷின் எல்லாம் கொண்டுவந்தார்கள். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு என் பெயரில் மெழுகுதிரி கொளுத்தியதாகப் பிறிஜெற் சொன்னாள். பொருள்முதல்வாதம் குறித்து அவளுக்கு மூன்று வகுப்புகள் எடுத்தவன் நான். அவள் என் கையைப் பிடித்துப் பட்டியைச் சுற்றி மெஷினை அமுக்கினாள். அது இளைஞன் ஒருவனுடைய பிரஷரைக் காட்டியது.

நான் வியர்த்தேன். அவள் முகமோ மலர்ந்தது.

“பாத்தீங்களா அங்கிள்? சுமை இறங்கினதும் பிரஷரும் இறங்கிடுச்சு.”

அவளிடம் ஒரு துளி நக்கல்கூட இல்லை. நக்கல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். வர்க்க எதிரிகளின் சதி என்றாவது எழுதியிருப்பேன். அவள் போகும்போது செயலாளர் கோப்புகளைக் கேட்டாள். கட்டிலுக்குக் கீழிருந்த லெட்டர்ஹெட் கட்டுகளையும் ஒஸ்வால்ட் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் இறக்கினான். இனி முதுகு நோகாது என்றாள் சுபோதினி.

அதன்பிறகு தொலைபேசி அடங்கியது. சகோதரக் கட்சிகளில் ஒன்றிலிருந்து ஒரேயொரு அழைப்பு வந்தது. பிறிஜெற்றின் நம்பரைக் கேட்டார்கள். நட்பு நாடொன்றின் தூதரகத் தேசிய தின விருந்துக்கு அழைப்பு கொட்டாஞ்சேனைக்குப் போனது. அங்கே பரிமாறப்படும் சிற்றுண்டிகளின் வகைகளைப் பற்றி அவளுக்கு ஆலோசனை வழங்க முன்வந்தேன். தனக்கு அன்றைக்குக் கான் கூட்டம் இருக்கிறது, போக வசதிப்படாது என்றாள். அழைப்பை எனக்குத் தரலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. படி ஏறும்போது கண் இருளும் மனிதனை யார் விருந்துக்கு அனுப்புவார்கள்?

இடதுசாரிகளுக்கு இப்படியான வேளைகளில் ஒரு வழி உண்டு. பிளவு. எங்கள் கட்சியே ஒரு பிளவின் பிளவிலிருந்து வந்ததுதான். தத்துவ முரண்பாடு ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது: கான்வாதம். புரட்சியைக் கைவிட்டுக் கான் துப்புரவாக்குவதில் கட்சியை மூழ்கடிக்கும் போக்கு. பெயர் அமைந்ததும் உடம்பில் புது இரத்தம் ஓடியது. நாகேந்திரத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் பால்கனியில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கான்வாதத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாயிருக்கு. பிரிஞ்சு போறதெண்டால் ஆரார் போறது?”

“நீங்களும் நானும், அண்ணை. பிறகு மற்றவையும் வருவினம்.”

“அப்ப அங்கை செயலாளர் ஆர்?”

“நான்தான்.”

“தலைவர்?”

“நீங்கள்.”

நாகேந்திரம் யோசித்தார். வங்கிக்காரரின் யோசனை.

“நான் இஞ்சையும் தலைவர்தானே, சிவம். இஞ்சை ஆக்களும் இருக்கினம். பிறகு என்னத்துக்கு நான் உம்மோட வந்து வெறும் மண்டபத்துக்குத் தலைவரா இருப்பான்?”

மாநாட்டில் கண்ணாடியைக் கழற்றிக் குனிந்திருந்தாரே, அந்த அரைநிமிடம் எதற்கு, அதற்குள் நிராகரிக்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொல்லத்தான் இருந்ததாகவும், உடனே சொன்னால் நாடகம் போலத் தெரியும் என்று நான்தான் முந்தி ஒருமுறை திருத்தினேன் என்றும் சொன்னார். தேத்தண்ணி குடிக்கிறீரோ என்றும் கேட்டார். ஓம், குடிக்கிறேன் என்றேன். கொட்டாஞ்சேனையிடம் படித்த முதலாவது பாடம் அது.

தனி ஆளாகப் பிளவுபடுவது தத்துவரீதியாகச் சாத்தியமா என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினேன். எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு உறுப்பினர். அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்பதால் இதுவரை அவளிடம் நான் அரசியல் பேசியதில்லை. குறைவெண்ணுக்காக அவள் பெயரை நானே பதிந்து, சந்தாவையும் நானே கட்டி, கூட்டங்களில் ரோல்ஸ் பரிமாறும் பொறுப்பையும் நானே கொடுத்திருந்தேன்.

சுபோதினி மேசையில் பழைய பேப்பரை விரித்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே இருந்தேன். கான்வாதத்தைத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டு, உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டேன்.

“நீரும் ஏன் கையை உயர்த்தினனீர்?”

“நீங்கள்தானே ஏலாது எண்டனியள்.”

“அது ஒவ்வொரு முறையும் சொல்லுறதுதானே. உமக்குத் தெரியாதே?”

“தெரியும்.” அவள் இலையிலிருந்து கையை எடுக்கவில்லை. “நீங்கள் உந்தப் பேச்சைப் பேசேக்கை, முன்னுக்கு இருக்கிறவை கொட்டாவி விடுறதை நான் பின்னாலை நிண்டு பார்க்கிறனான். ஒவ்வொரு முறையும் எனக்கு வெக்கமாயிருக்கும். இந்தமுறைதான் உங்களுக்காக ஒரு பிள்ளை அழுதது. உண்மையா அழுதது. நீங்கள் சொன்னதை அது நம்பினது. எத்தினை வருசமாக் கட்சி நடத்துறியள், இதுக்கு முதல் ஆர் உங்களை நம்பினது? அந்தப் பிள்ளை பொய்ப்பட்டு நிக்கக்கூடாது எண்டுதான் கையை உயர்த்தினனான்.”

முருங்கையிலையில் ஒரு கொப்பை எடுத்து நானும் உருவத் தொடங்கினேன். நான் காம்போடு போடுவதாகச் சொல்லி அவள் அதை வாங்கிவிட்டாள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பொதுச் செயலாளரே வெள்ளவத்தைக் கிளையின் செயலாளருமாவார் என்று யாப்பில் ஒரு பிரிவு சேர்த்திருந்தேன். ஆகவே அந்த இராஜினாமாவில் இரண்டு பதவிகள் போயின. புதிய செயலாளர் கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டையும் பார்க்க முடியாது என்று கிளைப் பொறுப்பைச் சுபோதினியிடம் கொடுத்திருந்தாள். நான் இப்போது என் மனைவியின் கிளையில் ஒரு சாதாரண உறுப்பினன்.

இலையைச் சுளகில் அள்ளிக்கொண்டு அவள் எழும்பினாள். குசினி வாசலில் நின்று திரும்பினாள்.

“நாளைக்குக் காலமை கொட்டாஞ்சேனையிலை போஸ்டர் ஒட்டுறது. கான் மூடி போடச் சொல்லி. எங்கடை கிளையிலையிருந்து எத்தினை பேர் எண்டு பிறிஜெற்றுக்கு நான் இண்டைக்குச் சொல்லோணும். உங்களுக்கு ஏலுமோ, ஏலாதோ?”

முழங்கால் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பழக்கம். சொன்னால் அவள் என்னை வற்புறுத்தமாட்டாள். கொட்டாஞ்சேனையிலிருந்து இன்னொரு நெஸ்டமோல்ட் டின் வரும். அடுத்த செவ்வாய் அந்தோனியாருக்கு இன்னொரு மெழுகுதிரி எரியும். அதோடு நான் முழுதாக நோயாளியாகிவிடுவேன்.

“ஏலும்,” என்றேன்.

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் பேர் குடுத்திடுவன்.”

“ஏலும் எண்டு சொல்லுறன்.”

“சரி,” என்று அவள் ஃபோனை எடுத்தாள். “அப்ப பசை வாளி உங்கடை பொறுப்பு.”